ரத்தம் இறங்க ஒரு மணி நேரம்

அரியலூரிலிருந்து திருமழபாடி போகும் மதிய பஸ்ஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வரும்போது அரை மணி தாமதமாக வரும். கிளம்பும்போது மட்டும் ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடும். அந்த டிரைவருக்கு அப்படி என்ன அவசரமோ, கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. அந்த பஸ் ஒழுங்காக ஓடியிருந்தால் நான் இன்று இங்கே உட்கார்ந்து இதை எழுத வேண்டியிருக்காது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தாராளமாகச் சிரியுங்கள்.

முழுத்தாள் பத்தும் ஒரு பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுது என்றீர்கள். காபியும் வாங்கிக் கொடுத்தீர்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் நல்ல காபி. நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மறைக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பாலசுந்தரம் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். பாலு சார் என்பார்கள்.

எனக்குச் சொந்த ஊர் வாலிகண்டபுரம். திருச்சியில் லேப் படிப்பு படித்துவிட்டு எழுபத்தொன்பதில் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் லேப் வைத்தேன். மறு வருடம் கீழ் அறையில் ஒரு பழைய எக்ஸ்ரே எந்திரமும் வந்தது. அதையும் நானே இயக்குவேன். ரத்தம் எடுப்பது நான், பார்ப்பது நான், படம் பிடிப்பது நான், ரிசல்ட் எழுதுவது நான். எங்களுக்கு இரண்டு கட்டிடம் தள்ளி டாக்டர் சாமிதுரையின் கிளினிக், அதுவும் மாடியில்தான். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கோபக்காரர், ஆனால் கெட்டிக்காரர். ஏழைகளிடம் காசு கேட்க மாட்டார். அதனால் கொள்ளிடக் கரையிலிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் சீட்டு எழுதி என்னிடம் அனுப்புவார்.

அந்தச் சீட்டில் முக்கால்வாசி இருப்பது இ.எஸ்.ஆர். என்ற சோதனை. உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ரத்தத்தோடு கொஞ்சம் சிட்ரேட் உப்புநீரைக் கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, நேராக நிறுத்த வேண்டும். சிவப்பு மெதுவாகக் கீழே இறங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இருபதுக்குள் இருந்தால் நல்லது. உடம்புக்குள் எங்கேயாவது அழற்சி இருந்தால் சிவப்பு தடதடவென்று இறங்கிவிடும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூட்டுக் காய்ச்சல் அதிகம். தொண்டையில் புண்ணாக ஆரம்பிக்கும். பிறகு முழங்கால் வீங்கும், கணுக்கால் வீங்கும். அதோடு போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் அது இதயத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். இதயத்தில் அழற்சி இருக்கிறதா, குறைந்ததா என்று டாக்டர் மூன்றை வைத்து முடிவு கட்டுவார். முதலாவது அவர் காது, அதாவது ஸ்டெதாஸ்கோப். அடுத்தது நான் எழுதும் எண். மூன்றாவது நான் எடுக்கும் நெஞ்சுப் படம். எண் இருபதுக்குக் கீழே வரும் வரை பிள்ளை பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஒண்ணுக்குப் போகக்கூடத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். டாக்டர் பார்த்து முடித்து, சீட்டு என் கைக்கு வரும்போது பன்னிரண்டரை ஆகியிருக்கும். பஸ் ஒன்று பத்துக்கு. ஒரு மணி நேரம் முழுசாக நிறுத்தினால் அந்தப் பெண்கள் பஸ்ஸை விட்டுவிடுவார்கள். அடுத்தது ஐந்தரைக்கு. நோஞ்சான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சிமெண்டுப் புழுதியில் அத்தனை நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் இருபதாவது நிமிடத்தில் குழாயைப் பார்த்து, மூன்றால் பெருக்கி எழுதிக் கொடுத்துவிடுவேன். இருபதை மூன்றால் பெருக்கினால் அறுபது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது.

யாருக்கும் அந்தப் பெருக்கல் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாலு சாரிடம் பார்த்தால் எண் குறைவாக வருகிறது என்பதுதான். திருச்சியில் எழுபது வந்தவர்களுக்கு என்னிடம் இருபத்தைந்து வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பாலு சாருக்குக் கைராசி என்ற பேச்சு ஆறு மாதத்தில் பெரம்பலூர் வரை போய்விட்டது. அங்கே இரண்டு லேப் இருந்தும் பஸ் ஏறி என்னிடம் வந்தார்கள். நாற்று நட, கடை திறக்க எல்லாம் ராசியான கை பார்க்கிறோம். ரத்தம் எடுக்கவும் பார்த்தார்கள், அதில் என்ன தப்பு? லப்பைக்குடிக்காட்டு ஜமால் முகமது, துபாய் போவதற்கு முன் எடுத்த ரத்தத்தில் நல்லபடியாக வந்ததால், லீவில் வந்தபோது ஒரு பை பேரீச்சம்பழத்தோடு மாடியேறி வந்தார்.

"அல்லா ஒங்க கையில பரக்கத்த வெச்சிருக்கான் அண்ணே. எங்கூட்டு ஆளுங்க யாரு வந்தாலும் நீங்கதான் குத்தணும்," என்றார்.

ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும், சொல்லுங்கள். என் அப்பா ஒரு வாழ்நாள் முழுக்கக் கஷ்டப்பட்டும் அவரைப் பார்த்து ஊரில் ஒருத்தன் எழுந்து நின்றதில்லை. என்னைக் கண்டால் டீக்கடையில் பெஞ்சைத் துடைத்துவிட்டார்கள். பெண்கள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

டாக்டருக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் நண்பகலில் அவரே மாடியேறி வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கீழப்பழுவூர்க்காரர் ஒருவருடைய குழாய்க்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இருபதாவது நிமிடத்தில் ஒன்பது. நான் பேனாவை எடுத்தேன்.

"யோவ், வையி பேனாவ," என்றார்.

ஒரு மணி நேரம் ஆனபோது அறுபத்து நாலு.

"மூணால பெருக்குனியா? நெனச்சேன். மொத பத்து நிமிஷம் ரத்தம் சும்மா யோசிச்சுக்கிட்டு நிக்கும்யா. அதுக்கப்புறந்தான் ஓடவே ஆரம்பிக்கும். அரை வைத்தியன் ஆயிரம் பேரக் கொல்லுவான்னு சும்மாவா சொன்னாங்க. எத்தன பிள்ளைங்கள நான் சீக்கிரம் எழுப்பி விட்டேனோ தெரியலியே."

அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சங்கடமாகப் போய்விட்டது. இனிமேல் முழு ஒரு மணி நேரம் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். உண்மையாகத்தான் செய்தேன். அது தெரியாமல் நடந்த தவறு. அதற்காக நீங்கள் என்னைக் கேட்கவில்லை, தெரியும். நீங்கள் கேட்பது அதற்குப் பிறகு நடந்தது.

பதினைந்து நாள் ஒழுங்காக ஒரு மணி நேரம் வைத்தேன். ஐயா, அந்தப் பதினைந்து நாள் என் எதிரிக்குக்கூட வரக் கூடாது. எல்லாருக்கும் எண் ஏறிப்போனது. முப்பது இருந்தவளுக்கு எண்பது. குணமாகிவிட்டது என்று நினைத்திருந்தவனுக்கு அறுபத்தைந்து. சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். என்ன செய்தாய் என்று கேட்கிற பார்வை. வாலிகண்டபுரத்திலிருந்து வந்த இருசம்மாள், எனக்குத் தூரத்து உறவு, வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"ஏந்தம்பி, வூட்டுல ஏதாச்சும் தீட்டு கீட்டு ஆயிப்போச்சா? கை இப்புடிக் கெட்டுப் போயிருக்கே. யாரு கண்ணு பட்டுச்சோ."

மறுநாள் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் கொண்டுவந்து லேப் வாசலில் அவளே கட்டினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. அதற்கடுத்த வாரம் பெஞ்சில் பாதி காலி. டீக்கடையில் யாரும் பெஞ்சைத் துடைக்கவில்லை.

பதினாறாம் நாள் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். டாக்டர் கேட்டபடி குழாயை ஒரு மணி நேரம் முழுசாக நிறுத்துவேன். அதில் குறை வைக்கவில்லை. ஆனால் எண்ணை முன்னாலேயே எழுதிவிடுவேன். ஆளைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, அந்த அம்மா எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறாள் என்று பார்த்து, பதினெட்டோ பன்னிரண்டோ எழுதி உறையில் போட்டு, அடுத்து வரும்போது டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்ட பிறகு, ஆற அமரக் குழாயைப் பார்ப்பேன். சில சமயம் நான் எழுதியதும் குழாயும் ஒத்துப்போகும். அப்போது வருகிற சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ஒத்துப்போகாதபோது குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். இப்படி மூன்று வருடம்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் பெரும்பாலானவர்கள் குணமானார்கள். நாற்பதில் இருந்தவனுக்குப் பத்து என்று எழுதிக் கொடுத்தேன், அடுத்த மாதம் வந்தபோது அவன் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான். நல்ல வார்த்தைக்கு ஒரு சக்தி இருக்கிறது. நான் எழுதியது பலித்தது என்றுதான் எனக்குப் பட்டது. என் மகள் சுகந்திக்கு ஒரு தடவை பத்து நாள் விடாமல் காய்ச்சல் அடித்தபோது மட்டும் திருச்சிக்குக் கூட்டிப்போய் வேறு இடத்தில் ரத்தம் கொடுத்தேன். கைராசி சொந்தக்காரர்களுக்குப் பலிக்காது என்பார்கள், அதனால்தான். வேறு காரணம் இல்லை.

இனி அழகம்மை.

திருமழபாடிக்கு அந்தப் பக்கம் கொள்ளிடக் கரையில் ஒரு தெரு. அம்மா ஆண்டாயி, அப்பா மாயவன். இரண்டு பேரும் கூலிக்குப் போகிறவர்கள். இரண்டு பெண்கள். மூத்தவள் அழகம்மைக்குப் பதின்மூன்று வயது, எட்டாவது படித்தாள். எண்பத்து மூன்று ஆவணியில் ஆண்டாயி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறினாள். பதின்மூன்று வயதுப் பெண்ணை இடுப்பில். முழங்கால் இரண்டும் பூசணிப் பிஞ்சு போல இருந்தன. மூச்சு வாங்கியது. அவ்வளவிலும் என்னைப் பார்த்து, "சார், எனக்குப் பன்னெண்டுக்குள்ள எழுதுங்க சார், பள்ளிக்கூடம் போவணும்," என்றது. என் ராசி அதுவரைக்கும் போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது.

முதல் தடவை குழாயில் தொண்ணூற்றாறு. டாக்டர் அவளைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டதால் அதில் அதிகம் கை வைக்கவில்லை, தொண்ணூறு என்று எழுதினேன். அவர் மாத்திரையும் ஊசியும் கொடுத்து, பாயை விட்டு எழுப்பாதே என்று ஆண்டாயியிடம் பத்துத் தடவை சொல்லி அனுப்பினார். ஆண்டாயியும் எழுப்பவில்லை. நடவு சமயத்தில் வேலையை விட்டுவிட்டு மகளுக்குக் காவல் இருந்தாள். மாயவன் ஒருத்தன் கூலியில் நாலு பேர் சாப்பிட்டார்கள். மாதா மாதம் ரத்தம் கொடுக்க வருவார்கள். ஆண்டாயி ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மெலிந்திருப்பாள். இரண்டாவது தடவை எழுபது இருந்தது, நாற்பது என்று எழுதினேன்.

மூன்றாவது தடவை ஐப்பசிக் கடைசி. நல்ல மழை. இருவரும் தொப்பலாக நனைந்து வந்தார்கள். ஆண்டாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இந்தத் தடவையாச்சும் எறக்கி வுட்டுருங்க சார். வூட்டுல உலை வெச்சு மூணு நாளாச்சு. ஒங்க கையிலதான் இருக்கு."

பதினாலு என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு குழாயைப் பார்த்தேன். அறுபத்திரண்டு.

இருந்தாலும் டாக்டர் லேசில் விடுகிற ஆள் இல்லை. எண் பதினாலு, ஆனால் அவர் காதுக்கு இதயத்தில் இரைச்சல் கேட்டது. மெட்ராஸில் சத்தத்தை உள்ளே அனுப்பி இதயத்தையே திரையில் பார்க்கிற எந்திரம் வந்திருக்கிறது, அது இங்கே இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை என்று புலம்பினார். நல்லவேளை, இல்லை. நெஞ்சுப் படம் எடுத்துவரச் சொல்லி மறுநாளே அனுப்பினார்.

படம் எடுத்தேன். இதயத்தின் அகலம் நெஞ்சு அகலத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். அவளுடையது முக்கால் இருந்தது. ஈரப் படத்தை விளக்குக்கு எதிரே பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். படம் உலர்ந்ததும் டாக்டரிடம் போக வேண்டும். போனால் பதினாலு எங்கிருந்து வந்தது என்று கேட்பார். கேட்டால் மூன்று வருடமும் வெளியே வரும். பிறகு ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வரை படம் காயட்டும் என்று ஆண்டாயியை உட்காரச் சொன்னேன். நாலரைக்கு சுகந்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, அழகம்மையின் உயரம்தான். எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன்.

"எதுக்குப்பா? எனக்கு ஒண்ணும் இல்லியே," என்றாள்.

"எந்திரம் சரியா இருக்கான்னு பாக்கணும்மா. மூச்ச இழுத்துப் புடி."

படத்தின் மூலையில் பெயரும் நம்பரும் விழுவதற்காக ஈய எழுத்துகள் வைப்போம். அழகம்மையின் எழுத்துகளை எடுக்காமல் அப்படியே விட்டேன். வேலை அவ்வளவுதான். படம் பளிச்சென்று வந்தது. சின்னதாக, ஒழுங்காக, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது என் மகளின் இதயம். பெற்றவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அழகம்மை நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ரத்தமும் சரியா இருக்கு, படமும் சரியா இருக்கு. அப்ப எங்காதுதான் போயிருச்சு பாலு. வயசாவுதுல்ல," என்றார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அறுபத்தைந்து வயதில் காதில் கோளாறு வருவது சகஜம்தான் என்று ஆறுதல் சொன்னேன். அவர் மாத்திரையைக் குறைத்து எழுதி, பள்ளிக்கூடம் போகலாம் என்று சொன்னார். அழகம்மை அன்றைக்கு மாடிப்படியில் தானாகவே இறங்கியது. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கியது என்றாலும், தானாக இறங்கியது. கீழே போய் நின்று எனக்குக் கையாட்டியது.

பத்தொன்பது நாள் பள்ளிக்கூடம் போனாள். இருபதாம் நாள் ஆற்றிலிருந்து குடம் தூக்கி வந்தவள் கரை மேட்டில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாளாம். அவ்வளவுதான். குடத்தில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று ஆண்டாயி சொல்லிச் சொல்லி அழுதாள்.

நான் மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அந்த மதிய பஸ்ஸில்தான். டாக்டர் காரில் வந்து, ஓரமாக நின்றுவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு வாரம் கிளினிக் திறக்கவில்லை. நான் அழுதேன், ஐயா. நடித்தேன் என்று எழுதிவிடாதீர்கள், உண்மையாகவே அழுதேன். என்னைத் தேற்றியது ஆண்டாயிதான்.

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க. நீங்க நல்லபடியாத்தான் எழுதிக் குடுத்தீங்க. அவ தலையில எழுதுனவன் வேற மாதிரி எழுதிப்புட்டான்."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா. யோசித்துப் பார்த்தால் சரிதான். மூன்று வருடத்தில் என் கையில் ஒருவரும் சாகவில்லை. செத்தவர்கள் எல்லாரும் அவரவர் ஊரில்தான் செத்தார்கள்.

ஏழு மாதம் கழித்து, இந்த ஆனி மாதம், ஆண்டாயி சின்னவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செல்வராணி, ஒன்பது வயது. ஒரே வீடு, ஒரே பாய், அக்காவுக்கு வந்த தொண்டைப் புண் தங்கைக்கும் வந்திருந்தது. அதே முழங்கால், அதே மூச்சு. டாக்டர் திருச்சிக்கே போய்விடு என்றிருக்கிறார். இவள்தான் கேட்கவில்லை.

"பாலு சார் கையில ஒருவாட்டி பாத்துட்டுப் போறேங்க," என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மூத்தவளைப் பறிகொடுத்தவள், சின்னவளை என்னிடம் கொண்டுவந்தாள். அந்த நம்பிக்கையை நான் எப்படிக் கெடுப்பேன்? செல்வராணி ஊசிக்கு அழவில்லை. அக்கா சொல்லியிருந்தாளாம், அந்த சார் குத்தினால் வலிக்காது என்று. இந்தத் தடவை எண்ணை முன்னால் எழுதவில்லை. அவர்களை உட்கார வைத்துவிட்டு ஒரு மணி நேரம் நானும் குழாயின் எதிரே உட்கார்ந்தேன். எண்பத்தெட்டு.

எண்பத்தெட்டு என்று எழுதப் பேனாவை எடுக்கவும் செய்தேன். அப்போது ஒன்று தோன்றியது. இவளுக்கு எண்பத்தெட்டு என்றால், இவள் பாயில் கிடந்து பிழைப்பாள். பிழைத்தால் ஆண்டாயி என்ன நினைப்பாள்? இவளைப் போலத்தானே அவளும் இருந்தாள், அவளுக்கு மட்டும் எப்படிப் பதினாலு என்று நினைப்பாள். இன்று இல்லாவிட்டாலும் ஒரு நாள் நினைப்பாள். மகள் போன துக்கத்தை ஒருத்தி தலையெழுத்து என்று ஆற்றிக்கொண்டிருக்கிறாள். அதைப் போய் நான் கிளறலாமா?

பத்து என்று எழுதினேன். எக்ஸ்ரே எந்திரம் ரிப்பேர் என்று சீட்டின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். ஒன்பது வயது உயரத்துக்கு எனக்கு வேறு பிள்ளை இல்லை.

டாக்டர் அந்தப் பத்தை நம்பவில்லையாம். பெரம்பலூருக்கு ஆளனுப்பி ஒரு குழாய் வாங்கிவந்து, பிள்ளையிடம் தானே ரத்தம் எடுத்து, தன் மேஜையில் நிறுத்தி, ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பிறகு செல்வராணியையும் ஆண்டாயியையும் தன் காரில் போட்டுத் திருச்சியில் சேர்த்துவிட்டு, நேரே உங்களிடம் வந்திருக்கிறார். நீங்கள் வந்தபோது நான் கதவைச் சாத்தவில்லை, ஓடவில்லை. மேஜைக்குள் இருந்த அழகம்மையின் நிஜப் படத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். ஏன் அதைத் தூக்கிப் போடவில்லை என்று கேட்டீர்கள். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது என்றேன். நீங்கள் நம்பவில்லை.

அதிகாரபூர்வமாக வேண்டுமென்றால் இதோ. அழகம்மையின் ரத்தம் அறுபத்திரண்டு என்று தெரிந்த பிறகும் நான் எழுதிய பதினாலைத் திருத்தவில்லை. அவள் இதயம் வீங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவள் பெயரில் என் மகளின் படத்தைக் கொடுத்தேன். எழுந்து நடந்தால் செத்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். செல்வராணிக்கு எண்பத்தெட்டைப் பத்தாக்கியபோதும் அது தெரியும். யாரும் என்னை மிரட்டவில்லை. சொந்த நினைவோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று ஆண்டாயி ஸ்டேஷனுக்கு வந்தாளே, நீங்கள்தான் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கவிட்டீர்கள். வையவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "எந்தக் கையால எழுதுனீங்க?" என்று மட்டும் கேட்டாள். வலது கையை நீட்டினேன். அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு போய்விட்டாள். அவள் எதற்குப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். என்ன இருந்தாலும் அவளுக்கு இன்னும் அந்த நம்பிக்கை விட்டுப்போகவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். திருச்சியில் செல்வராணிக்கு வாரா வாரம் ரத்தம் எடுக்கிறார்களாம், இன்னும் எழுபதுக்குக் கீழே இறங்கவில்லையாம். யார் எடுக்கிறார்களோ, என்ன கையோ. ஒரு போலீஸ்காரரைத் துணைக்குப் போட்டு, விலங்கோடு வேண்டுமானாலும், என்னை ஒரே ஒரு தடவை அங்கே அனுப்பி வையுங்கள். நான் எடுத்தால் பத்தைத் தாண்டாது.